பன்னிரண்டு நாள் மட்டுமே உயிரோடிருக்கும் சாட்சி

விபத்து வழக்குகளைப் புலனாய்வு செய்யும் உதவி ஆய்வாளர்களுக்கும், சிறப்பு உதவி ஆய்வாளர்களுக்கும், தலைமைக் காவலர்களுக்கும், அவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பும் இடத்தில் இருக்கும் தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நீதிமன்ற வளாகத்துக்கு எதிரே தட்டச்சு நிலையம் வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக வழக்கறிஞர்கள் கொடுத்தனுப்பும் எம்.சி.ஓ.பி. மனுக்களை, அதாவது வாகன விபத்து இழப்பீட்டு மனுக்களை, அடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்ற சொற்களை என் விரல்கள் பார்க்காமலே அடித்துவிடும். உங்கள் முதல் தகவல் அறிக்கையில் தொடங்கும் அந்த வாக்கியம் மனுவுக்குப் போய், பிரமாண வாக்குமூலத்துக்குப் போய், கடைசியில் தீர்ப்புரையில் வந்து நிற்கும். நடுவில் அது எத்தனை பேருடைய வாழ்க்கையைத் தூக்கி நிறுத்துகிறது, எத்தனை பேரைக் கைவிடுகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

2022 ஜூலையில் ஒரு விடியற்காலை அந்த வாக்கியம் என் வீட்டுக்கே வந்தது. அப்பாவுக்கு அப்போது வயது 61. விசைத்தறிக் கூடத்தில் இரவு வேலை முடித்துவிட்டு சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். எங்கள் வீதிக்குத் திரும்பும் இடத்தில் காய்கறி ஏற்றிய மினி லாரி ஒன்று பின்னாலிருந்து மோதியது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக உடைந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். தலையிலும் அடிபட்டதால் மோதலுக்கு முந்தைய ஐந்து நிமிடம் அவருக்கு இன்றுவரை நினைவில் இல்லை.

ஓட்டுநர் மீதுதான் வழக்குப் பதிவானது. ஆனால் தீர்ப்பாயத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் எதிருரை வேறொன்று சொன்னது: பெரியவர் கை காட்டாமல் திடீரென்று வலப்பக்கம் திரும்பினார். எங்கள் தரப்பில் நேரில் பார்த்த சாட்சி ஒருவர் இருந்தார். டீக்கடையில் நின்றுகொண்டிருந்தவர், நல்ல மனிதர், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எங்களுக்காகக் கூண்டில் ஏறினார். குறுக்கு விசாரணை இரண்டே கேள்வியில் முடிந்தது.

“மோதுவதை நீங்கள் பார்த்தீர்களா?”

“டமால் என்று சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன்.”

“அப்படியென்றால் அதற்கு முன் சைக்கிள்காரர் எப்படித் திரும்பினார் என்பது உங்களுக்குத் தெரியாது?”

“தெரியாதுங்க.”

அவர் உண்மையைச் சொன்னார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நான் அடித்த நூற்றுக்கணக்கான சாட்சியங்களில் பெரும்பாலான நேர்மையான சாட்சிகள் இதையேதான் சொல்கிறார்கள். மனிதக் கண் சத்தம் கேட்ட பிறகுதான் சாலைப் பக்கம் திரும்பும். இழப்பீட்டு வழக்கில் தீர்மானிக்க வேண்டியதோ அந்தச் சத்தத்துக்கு முந்தைய மூன்று வினாடி. யார் எந்தப் பக்கம் வந்தார், யார் கை காட்டினார், யார் வேகத்தைக் குறைத்தார் என்பதெல்லாம் அதற்குள் முடிந்துபோகிறது. சத்தத்துக்கு முன்பே அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சாட்சி ஒன்றே ஒன்றுதான்: நாற்பது அடி தள்ளி, பேக்கரியின் முகப்பில், பெயர்ப்பலகைக்குக் கீழே வெள்ளை நிறத்தில் ஒரு கண்காணிப்பு கேமரா.

அப்பாவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தது பதினேழாம் நாள். பத்தொன்பதாம் நாள் நான் பேக்கரிக்குப் போனேன். முதலாளி என்னை உட்கார வைத்து, கல்லாவுக்குப் பின்னால் இருந்த சின்னத் திரையில் பதிவுகளைத் திறந்தார். ஒரு நாட்காட்டி வந்தது. பதிவு இருக்கும் தேதிகளின் மூலையில் மட்டும் சிறு நீல முக்கோணம். அவர் மௌஸை மெல்லப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டே போனார். பன்னிரண்டு தேதிகளில் நீலம் இருந்தது. அதற்கு முந்தைய கட்டங்கள் வெறுமையாக இருந்தன. எங்கள் தேதியும் அந்த வெறுமையில் ஒன்று. “பத்து நாளைக்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா, அம்மணி” என்றார். பத்து நாளைக்கு முன்னால் நான் அறுவை சிகிச்சைப் பிரிவின் வாசலில், இரத்தம் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தேன்.

“போலீஸ் யாராவது வந்து கேட்டார்களா?” என்றேன். இல்லை என்று தலையாட்டினார்.

பிறகு வழக்குக் கட்டில், சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜரைப் பார்த்தேன். ‘சம்பவ இடத்துக்கு வடகிழக்கே பேக்கரி’ என்று அதில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. மாதிரி வரைபடத்திலும் அந்தக் கடைக்கு ஒரு கட்டம், அதற்கு ஓர் எண். எழுதியவர் அந்தக் கடையைப் பார்த்திருக்கிறார். அதன் நெற்றியில் இருந்த கண்ணைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. அந்த நிலையத்தின் பெயரையோ அதிகாரியின் பெயரையோ இங்கே சொல்லப்போவதில்லை. அவர் அன்றிரவு இன்னும் இரண்டு விபத்துகளைப் பார்த்துவிட்டு வந்தவர் என்று பின்னால் கேள்விப்பட்டேன். என் வழக்கு அவர்மீது இல்லை.

தீர்ப்பாயம் 6,40,000 ரூபாய் என்று கணக்கிட்டது. அப்பா மீதும் 30 விழுக்காடு அலட்சியம் உண்டு என்று 1,92,000 ரூபாயைக் கழித்தது. அந்த 30 எங்கிருந்து வந்தது என்று இன்றும் யோசிக்கிறேன். இரண்டு கதைகள், நடுவில் இருட்டு. நீதிபதி நடுவில் ஓரிடத்தில் கோடு போட்டார், அவ்வளவுதான். பதிவு கிடைத்திருந்தால் அது அப்பாவுக்கு எதிராகவே இருந்திருக்கலாம். அவர் உண்மையிலேயே கை காட்டாமல் திரும்பியிருக்கலாம். படம் அதைக் காட்டியிருந்தால் தலைவணங்கி ஏற்றுக்கொண்டிருப்போம். என் அப்பா இன்றும் “நான் திரும்பினேனா கண்ணு?” என்று கேட்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

பன்னிரண்டு நாள் என்பது அந்தக் கடைக்காரரின் கஞ்சத்தனம் இல்லை. கணக்கு அப்படி. ஒரு கேமரா வினாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிவு செய்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 86 ஜிபி. ஒரு டெராபைட் வன்தட்டு பதினொன்று, பன்னிரண்டு நாளில் நிரம்பிவிடும். நிரம்பியதும் பதிவுப் பெட்டி யாரையும் கேட்காது. மிகப் பழைய நாளின் மேல் புதிய நாளை எழுதிக்கொண்டே போகும். எட்டு கேமரா வைத்திருக்கும் துணிக்கடையில் அதே வன்தட்டு ஆறு நாளுக்குத்தான் வரும். ஆக, எலும்பு முறிவுப் பிரிவில் ஒருவர் படுத்திருக்கும் காலமும் அவருடைய சாட்சியின் ஆயுளும் ஒன்றாகவே ஓடி முடிகின்றன. குடும்பம் வெளியே வரும்போது கடையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. அந்த நாட்களில் அந்த இடத்துக்குக் கடமையாகப் போகிறவர்கள் நீங்கள் மட்டும்தான். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

சட்டம் உங்களிடம் இதை ஏற்கெனவே எதிர்பார்க்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்துக்குள், இடைக்கால அறிக்கை 50 நாளுக்குள், விரிவான விபத்து அறிக்கை 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். சம்பவ இடத்தையும் வாகனங்களையும் படமோ வீடியோவோ எடுக்க வேண்டும், அளவு குறித்த வரைபடம் போட வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்கின்றன. அதே ஆண்டு டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் இவற்றைக் கண்டிப்பாகப் பின்பற்றச் சொன்னது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவோ இன்னும் ஒரு படி மேலே போகிறது: நீங்கள் அனுப்பும் விபத்து அறிக்கையையே தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் நீங்கள் திரட்டித் தருவதுதான் அடிபட்டவரின் வழக்கு. நீங்கள் திரட்டாமல் விட்டதை அவர் வேறெங்கே போய்த் தேடுவார்?

‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை நம் அரசு ஏற்கிறது. என் அப்பாவும் அதில் பயன் பெற்றவர். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. உடலைக் காக்க 48 மணி நேரம் கொடுத்த அரசு, உண்மையைக் காக்கவும் அதே 48 மணி நேரத்தைப் பயன்படுத்தும்படி உங்களுக்கு உத்தரவிட வேண்டும் என்பதே என் விண்ணப்பம். முதல் விபத்து அறிக்கையோடு ஒரு தாள் சேர வேண்டும்: சுற்றுவட்டாரத்தில் எந்தெந்தக் கேமராக்கள் இருந்தன, யாரிடம் கேட்டோம், எதைப் பெற்றோம், எது வேலை செய்யவில்லை. கேமரா இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். தேடிப் பார்த்தீர்கள் என்றாவது தெரியும்.

எடுக்கும் விதத்தைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். எடுத்தும் வீணாய்ப்போன பதிவுகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

சென்ற ஆண்டு ஓர் அம்மாள் கைப்பேசியோடு வந்தார். மகனின் விபத்துக் காட்சி, விசாரணைக்குப் போன காவலர் எடுத்ததாம். கடையின் திரையைக் கைப்பேசியால் படம் பிடித்திருந்தார். திரையில் மின்விசிறியின் நிழல் சுற்றுகிறது. ஓரத்தில் யாரோ ஒருவரின் கட்டைவிரல். தேதியும் நேரமும் இருக்கும் மேல் மூலை சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. லாரி வரும்போது யாரோ “ஐயோ” என்கிறார், அதோடு படம் ஆடிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் நான்கு பேரைக் கடந்து வந்ததில் எண் பலகை வெறும் வெள்ளைக் கறையாகிவிட்டது. மூலப் பதிவு எங்கே என்று கேட்டேன். “அதுதாங்கம்மா இது” என்றார். மூலம் அழிந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது.

திரையைப் படம் பிடிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பென் டிரைவைக் கொண்டுபோய், மோதலுக்குக் குறைந்தது பத்து நிமிடம் முன்னும் பத்து நிமிடம் பின்னுமாக, பெட்டியிலிருந்தே நேராக நகலெடுங்கள். சில பெட்டிகள் தமக்கே உரிய கோப்பு வடிவத்தில்தான் தரும். அதைத் திறக்கும் மென்பொருளையும் கூடவே சேர்த்து வாங்குங்கள். நீதிமன்றக் கணினியில் படம் திறக்காமல் வாய்தா போன வழக்குகள் உண்டு. பெட்டியின் கடிகாரம் பெரும்பாலும் தவறாகவே ஓடும். மின்சாரம் போய் வந்தால் சில பெட்டிகள் பழைய தேதிக்கே போய்விடும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அதைத்தான்: “விபத்து 5.10 என்கிறீர்கள், படத்தில் 5.27 என்றிருக்கிறதே?” நகலெடுக்கும்போது திரையில் ஓடும் நேரத்தையும் உங்கள் கைப்பேசியின் நேரத்தையும் அருகருகே வைத்து ஒரு புகைப்படம் எடுத்து, பதினேழு நிமிடம் முந்தி ஓடுகிறது என்று மகஜரில் ஒரு வரி எழுதிவிட்டால் அந்தக் கேள்விக்கு அங்கேயே விடை இருக்கும்.

அடுத்தது சான்றிதழ். மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாக ஏற்கப் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின்படி சான்றிதழ் கட்டாயம் என்பதை அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவு அந்த இடத்துக்கு வந்துவிட்டது. அதன் அட்டவணையில் சான்றிதழ் இரண்டு பகுதி: ‘அ’ பகுதி சான்றைத் தருபவருக்கு, ‘ஆ’ பகுதி நிபுணருக்கு. இரண்டிலும் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். அது கோப்பின் கைரேகை மாதிரி. படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். படம் எடுத்த அன்றே இந்த எண்ணை எழுதிவைத்தால், இரண்டு வருடம் கழித்து ‘இடையில் யாரோ வெட்டி ஒட்டிவிட்டார்கள்’ என்ற வாதத்துக்கு இடமிருக்காது. அடிபட்டவரின் மனைவியோ மகளோ இந்த இரண்டு கையெழுத்துக்கும் எங்கே போவார்கள்? மாவட்டத்துக்கு ஒருவரோ இருவரோ ‘ஆ’ பகுதியை நிரப்பித் தரும் பொறுப்பில் அமர்த்தப்பட வேண்டும். தலைமை இயக்குநர் அவர்களிடம் நான் தனியாக வைக்கும் கோரிக்கை இது.

இவ்வளவும் இழப்பீட்டு வழக்குக்குத் தேவையா என்று கேட்கலாம். அங்கே கொலை வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை; எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும் என்று 2009இல் பிம்லா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உண்மைதான். ஆனால் பங்களிப்பு அலட்சியம், அதாவது அடிபட்டவர் பக்கத்துத் தவறு, எத்தனை விழுக்காடு என்று கணக்குப் போடும் இடத்தில் அந்தத் தளர்வு ஏழைக்கு எதிராகவும் திரும்பும். என் அப்பாவின் 30 விழுக்காடு அப்படி வந்ததுதான். ஒழுங்காக எடுத்த படமோ அளந்தே காட்டிவிடும். இரண்டு மின்கம்பங்களுக்கு இடையே 30 மீட்டர் என்று டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். வினாடிக்கு 25 சட்டகம் ஓடும் பதிவில் வண்டி அந்தத் தொலைவை 50 சட்டகத்தில் கடந்தால் இரண்டு வினாடி; மணிக்கு 54 கிலோமீட்டர். ‘மெதுவாகத்தான் வந்தேன்’ என்பதற்கு இதைவிட நேரான பதில் எது?

மோதிவிட்டு ஓடும் வண்டிகள்தான் என்னை இன்னும் வருத்துகின்றன. வண்டி எண் தெரியாவிட்டால் 2022ஆம் ஆண்டு இழப்பீட்டுத் திட்டத்தின்படி உயிரிழப்புக்கு இரண்டு லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், அதோடு முடிந்தது. எண் தெரிந்துவிட்டால் வருமான இழப்பு, ஊனத்தின் அளவு, எதிர்காலச் சிகிச்சை எல்லாம் கணக்கில் வரும். ஐம்பதாயிரத்துக்கும் பல லட்சத்துக்கும் இடையே நிற்பது பல நேரம் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெட்ரோல் பங்க் கேமராவும், அடுத்த சுங்கச்சாவடியின் கேமராவும்தான். மோதிய இடத்தில் கேமரா இல்லை என்று கோப்பை மூடிவிடாதீர்கள். வண்டி வந்த பக்கமும் போன பக்கமும் சாலையோடு நடங்கள். உடைந்த முகப்பு விளக்கோடு அது எங்காவது ஒரு கேமராவைக் கடந்திருக்கும்.

பஸ், பள்ளி வேன், லாரி ஆகியவற்றில் பொருத்திய கேமராக்களைப் பொறுத்தவரை பதிவு எதிர்மனுதாரரின் கையிலேயே இருக்கிறது. அவர் தானாகக் கொண்டுவந்து தர மாட்டார். வாரணாசி விடுதி ஒன்றில் நடந்த மரணத்துக்காகத் தண்டிக்கப்பட்ட இரண்டு இத்தாலியர்களை 2015இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தபோது, விடுதியின் கேமராப் பதிவை அரசுத் தரப்பு மறைத்ததை ஒரு முக்கியக் காரணமாகச் சொன்னது. கையில் இருக்கும் நல்ல சான்றைக் கொண்டுவராதவருக்கு எதிராக அனுமானம் கொள்ளலாம் என்ற அந்தத் தத்துவம் குற்ற வழக்கில் வந்தது. பஸ்ஸின் பதிவைக் காட்ட மறுக்கும் உரிமையாளருக்கும் அது ஏன் பொருந்தக் கூடாது? ஆனால் பஸ்ஸில் கேமரா இருந்தது என்பதை யாராவது எழுதி வைத்திருந்தால்தானே தீர்ப்பாயம் அந்த அனுமானத்துக்கே போக முடியும்! வாகனத்தைச் சோதிக்கும் அன்றே அதையும் குறியுங்கள்.

போலி இழப்பீட்டு வழக்குகளைப் பற்றியும் நான் அறிவேன். மோதிய வண்டியை விட்டுவிட்டுக் காப்பீடு உள்ள வேறொரு வண்டியை நிறுத்துவதும், தானாக விழுந்ததை மோதல் என்று எழுதுவதும் நம் மாநிலத்திலும் நடந்திருக்கின்றன. அவற்றால் உண்மையாக அடிபட்டவர்களும் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படுகிறார்கள். முதல் இரண்டு நாளில் எடுத்த பதிவு அந்த வேலைகளையும் சேர்த்தே நிறுத்திவிடும். நேர்மையான காப்பீட்டு நிறுவனத்துக்கும் இது நல்லதுதான்.

கடைக்காரர்கள் தயங்குவார்கள். ‘கோர்ட்டுக்கு அலைய வைப்பார்கள், பெட்டியையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்’ என்ற பயம் அவர்களுக்கு. பெட்டியை எடுக்காமல் நகல் மட்டும் எடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு ரசீதும் கொடுத்து, அங்கேயே சான்றிதழில் கையெழுத்து வாங்கிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். மறுப்பவரிடம் எழுத்தில் ஆணையிட்டுக் கேட்கும் அதிகாரம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவில் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கு இருக்கிறது. அதோடு ஒன்று: அந்தப் பதிவு தயவுசெய்து வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போக வேண்டாம். மகன் தூக்கி வீசப்படுவதை, யாரோ பின்னணி இசை சேர்த்து அனுப்பியதால், பக்கத்து வீட்டுக்காரரின் கைப்பேசியில் பார்த்த தாயை எனக்குத் தெரியும். ஊர் முழுக்க ஓடிய அந்தப் படம் தீர்ப்பாயத்துக்கு மட்டும் வந்து சேரவில்லை.

அப்பாவின் வழக்கு முடிந்த பிறகு அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் அடித்து வைத்திருக்கிறேன். விபத்தில் அடிபட்டவர்களின் வீட்டார் யார் வந்தாலும் காசு வாங்காமல் கொடுக்கிறேன். அது இவ்வளவுதான்:

‘ஐயா, தங்கள் கடைக்கு எதிரே ...... தேதி ...... மணியளவில் நடந்த சாலை விபத்தில் என் ...... காயமடைந்தார். தங்கள் கேமராவில் அன்று ...... மணி முதல் ...... மணி வரை உள்ள பதிவு சில நாட்களில் தானாகவே அழிந்துவிடும். அதை அழியாமல் ஒரு பென் டிரைவில் எடுத்து வைக்குமாறும், காவல்துறையோ தீர்ப்பாயமோ கேட்கும்போது தருமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.’

சிலர் எடுத்துத் தருகிறார்கள். சிலர் வாங்கி மடித்துக் கல்லாப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள்; மகள் கையெழுத்திட்ட தாளுக்கு அவ்வளவுதான் மதிப்பு. இதே ஐந்தாறு வரி உங்கள் நிலையத்தின் முத்திரையோடு, விபத்து நடந்த அன்றே போனால் யாரும் மடித்து வைக்க மாட்டார்கள். கடிதத்தின் நகல் என் மேசையில் இருக்கிறது. முதல் வரியில் ‘என்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, கீழே நிலையத்தின் பெயரைச் சேர்த்தால் போதும். சொன்னால் அதையும் நானே அடித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
நீதிமன்றத்துக்கு எதிரே தட்டச்சு நிலையம் நடத்தும் ஒரு மகள்